இருபத்தொன்று முதல் இருபத்தைந்து வரை

1

அன்று ஆம்பூரில், தோல் பதனிடும் டேனரி ஒன்றின் கேன்டீனில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவி டாக்டர் ஸ்டெல்லா. வேலூரிலிருந்து ஐஸ் பெட்டியோடு வந்த லேப் டெக்னீஷியன் சாந்தி. டேனரி மேனேஜர், அதுவும் முதல் பத்து நிமிடம் மட்டும். பிரியாணி தேக்சாவைத் தூக்கி வந்த இரண்டு பேர். மேசை போட்டு ரிஜிஸ்டர் எழுதிய நான். பிறகு, ரிஜிஸ்டரின்படி நாற்பது ஆண்கள். அந்த நாற்பதில் டிரம் செக்‌ஷன்காரர்கள் ஐந்து பேர்: ஏழுமலை, காதர், தேவராஜ், சம்பத், பாபு. அவர்கள் எண் இருபத்தொன்று முதல் இருபத்தைந்து வரை.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டால் ஸ்டெல்லாவின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நெறிமுறையைக் கவனிக்கிற எதிக்ஸ் கமிட்டி என் தோலை உரித்துவிடும். ஏழுமலை அண்ணன் பெயரை மட்டும் மாற்றவில்லை. "டேய் சீலா, என் பேரை மாத்துன, அடுத்த தபா நீ ஊருக்கு வரும்போது ஆம்பூர் ஸ்டேஷன்லயே வச்சு உதைப்பேன்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அந்த மெசேஜ் போன வாரம் வந்தது. கூடவே, "அந்தக் கேன்டீன் கூத்துக்கு இன்னியோட ஒரு வருஷம் ஆச்சுடா" என்று ஒரு சிரிப்பு. எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், அதைக் கேட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நான் ஜெயசீலன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பதினோரு வருடம் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் வேலை. இப்போது கிளாஸ்கோவில், ஒரு பெரிய கடைக்கட்டடத்தின் நுழைவாயில் ஓரமாக, செருப்பு ரிப்பேர் செய்து சாவியும் வெட்டித் தருகிற கடையில் இருக்கிறேன். என் இன்னொரு முழுநேர வேலை கவலைப்படுவது. பிளேன் ஏறினால் இறங்குமா என்று கவலை. இறங்கினால் பெட்டி வருமா என்று கவலை. பெட்டியும் வந்துவிட்டால், எல்லாம் இவ்வளவு நல்லபடியாக நடக்கிறதே என்று கவலை.

2

ஸ்டெல்லா ராணிப்பேட்டைப் பெண். வாலாஜாபேட்டையில் பி.எஸ்ஸி. முடித்து, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் சிறுநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது என் சித்தப்பா தரகரிடம் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

"பொண்ணு ஆஸ்பத்திரில இன்னா வேலை? நர்ஸா?"

"இல்லைங்க. மூத்திரம் டெஸ்ட் பண்றாங்க."

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவும்தான்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "பரவால்லடா. தோல் நாத்தத்துக்கு அது ஒண்ணும் ஜாஸ்தி இல்ல" என்றார். முகூர்த்தம் குறித்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அவள் எம்.எஸ்ஸி. படித்தாள். பிறகு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. என்ன தலைப்பு என்று கேட்டேன். "புரோஸ்டேட் கேன்சர்" என்றாள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆண்களுக்கு மூத்திரப்பையின் அடியில், பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது என்றாள். அன்றிலிருந்து மூன்று நாள் நான் உட்காரும்போதெல்லாம் பார்த்து உட்கார்ந்தேன்.

"உலகத்துல வேற உறுப்பே இல்லையா?" என்று கேட்டேன்.

"மத்தவங்கல்லாம் மார்பு, வயிறு, ரத்தம்னு எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் இருந்தது இதுதாங்க" என்றாள். அப்படி மிச்சத்தில் கிடைத்ததைத்தான் இத்தனை வருடமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் தேடுவதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இந்த நோய்க்கு ரத்தப் பரிசோதனை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது சில சமயம் ஒன்றுமில்லாததற்கும் பயமுறுத்தும். (நானும் அதுவும் ஒரே ரகம்.) அது பயமுறுத்திவிட்டால் அடுத்து ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆண்கள் அதற்குப் பயந்தே ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை. சிறுநீரிலேயே அந்த நோயின் அடையாளம் தெரிந்துவிட்டால்? ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் போதும், சொல்லிவிடலாம் என்றால்? இதற்காகத்தான் கிளாஸ்கோ. இதற்காகத்தான் எனக்கு இரண்டு ஸ்வெட்டர் மேல் ஒரு கோட்டு.

3

இந்த ஊரில் எனக்கு முதலில் நடந்த சங்கடம், லீவு கேட்டது. "அவுட் ஆஃப் ஸ்டேஷன் போகிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். எந்த ஸ்டேஷன் என்று மேனேஜர் கேட்டார். நான் காட்பாடி என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஸ்டெல்லாவின் துறைத் தலைவர் ஒருமுறை விருந்து கொடுத்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு வெள்ளை மீசைக்காரர். "நான் சிறுநீரகம். நீங்கள் எதில் நிபுணர்?" என்று கேட்டார். "பெண்கள் ஹீல்" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தப்பாகப் பேசிவிட்டேனோ என்று புலம்பினேன். ஸ்டெல்லா பஸ்ஸில் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் மகள் ரூத்துக்குப் பதினான்கு வயது. இங்கேயே பிறந்தவள். பள்ளியில் அப்பா அம்மா தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். "அம்மாவுக்கு மூத்திரம், அப்பாவுக்கு ஷூ" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வந்து நின்றாள். எனக்கு உடம்பு கூசியது. அவளுக்குக் கூசவே இல்லை. எங்கள் கூச்சம் அவளிடம் போய்ச் சேரவில்லை என்பது சந்தோஷமா, அவள் எங்களைவிட்டுத் தள்ளிப்போகிறாள் என்ற பயமா, எனக்கே தெரியவில்லை. ஊரிலிருந்து போன் வந்தால் அவள் பேசுகிற மொத்தத் தமிழும் இவ்வளவுதான்: "நல்லா இருக்கேன். நீங்க? சரி."

4

போன வருடம் ஸ்டெல்லாவுக்கு முதன்முதலாகத் தன் பெயரிலேயே ஆராய்ச்சிப் பணம் கிடைத்தது. அதில் ஒரு பகுதியை நம் பக்கத்து ஆட்களிடம் செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேலூர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து ஏற்பாடு. பாட்டில்களை அங்கேயே சோதித்து முடிவை மட்டும் இங்கே அனுப்புவார்கள். நான் சம்பளமில்லாத உதவியாளன். அதற்கே பதினான்கு பக்கம் கையெழுத்துப் போட்டேன். பங்கேற்பவர் பெயரை வெளியே சொல்ல மாட்டேன், பாட்டிலைக் கீழே போட மாட்டேன், பாட்டிலால் எனக்கு ஏதாவது ஆனால் பல்கலைக்கழகத்தின் மேல் கேஸ் போட மாட்டேன்.

ஆம்பூர் ஆண்களை இதற்கு வரவழைப்பது லேசில்லை. நெஞ்சு வலி என்றால் ஊருக்கே சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே என்றால் டாக்டரிடம்கூட "லேசா உஷ்ணம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பிரியாணி என்று சொன்ன பிறகுதான் அன்று டேனரி கேன்டீனுக்குக் கூட்டம் வந்தது.

காதர் பாய் மேசைக்கு வந்தார். சின்ன வயதிலிருந்தே எனக்குத் தோஸ்த்.

"ஜெயசீலா, டிரம் செக்‌ஷன்ல அஞ்சு பேரு. அஞ்சு பாட்டிலும் பாரமும் குடு."

"மத்தவங்க எங்க பாய்?"

"அரே, டிரம்மு ஓடிக்கினு இருக்குது. உள்ள தோல் கெமிக்கல்ல சுத்துது. விட்டுட்டு வந்தா கலர் போய்டும், மேனேஜர் எங்க கலரை மாத்திருவான். நீ குடு, நான் வாங்கியாறேன். போன் நம்பர் எல்லாத்துக்கும் என்னுதே போடு. இவனுங்க எவனும் போன் எடுக்க மாட்டான்."

கொடுத்தேன். நம்பரை ஐந்து தடவை எழுதினேன். அரை மணியில் ஐந்து பாட்டில்களும் ஒரு கேன்டீன் தட்டில், டீ வருவது போல, கையெழுத்திட்ட படிவங்களோடு வந்து சேர்ந்தன.

எனக்கு எதுவுமே உறுத்தவில்லை. ஷூ கம்பெனியில் அட்டை பஞ்ச் பண்ணுகிற காலத்தில் எங்கள் வரிசை ஆட்கள் எட்டுப் பேருக்கும் யாராவது ஒருவன் முன்னால் போய்ப் பஞ்ச் பண்ணிவிடுவான். பஸ் லேட்டானவனுக்கு அரை நாள் கூலி போகக் கூடாது, அவ்வளவுதான். அதை ஏமாற்று என்று யாரும் சொன்னதில்லை. வராமல் போனவனுக்குப் பண்ணாமல் விட்டவனைத்தான் திட்டுவோம்.

5

மூன்று மாதம் கழித்து, கிளாஸ்கோவில் ஒரு சனிக்கிழமை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடி வந்தாள். அவள் ஓடுகிற ஆள் இல்லை.

"என்னங்க, அஞ்சு பேரு! வரிசையா அஞ்சு பேருக்கு அடையாளம் தெரியுது! அஞ்சு பேரும் ஒரே செக்‌ஷன்!"

அவளிடம் பெயர்கள் கிடையாது. எண், வயது, வேலை மட்டும்தான். அஞ்சு பேரும் டிரம் பக்கம் வேலை செய்கிறவர்கள் என்றால் அங்கே புழங்குகிற ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம், இதுவரை யாரும் பார்க்காத ஒன்றாக இருக்கலாம் என்று மூச்சுவிடாமல் பேசினாள். திங்கட்கிழமை காலை பணம் கொடுக்கிற கமிட்டியின் முன்னால் இதைச் சொல்லப் போகிறாளாம். கண் அப்படி மின்னியது. பிறகு சட்டென்று முகம் மாறியது.

"ஆனா பாவம், வேலூர் டாக்டர் பத்து நாளா போன் பண்றாராம். அஞ்சு பேர்ல ஒருத்தரும் வரலையாம். அதுவும் அஞ்சு பேருக்கும் ஒரே நம்பராம், எப்படிங்க?"

"எண் என்ன?" என்று கேட்டேன்.

"இருபத்தொண்ணுலேர்ந்து இருபத்தஞ்சு."

கேன்டீன் தட்டு என் கண்முன்னால் வந்தது. வெங்காயத்தை நன்றாக முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன், கண்ணீருக்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று.

6

தோட்டத்துப் பக்கம் போய்க் காதர் பாய்க்குப் போன் போட்டேன். ஊரில் மத்தியானம்.

"பாய், அன்னிக்கு அஞ்சு பாட்டில் யார் யாரு ரொப்புனது?"

"ஏன் கேக்கற?"

"சொல்லு பாய். எனக்கு நெஞ்சு படபடங்குது."

"உனக்கு எப்பதான் படபடங்கல?" டிரம் ஓடுகிற சத்தத்தைவிட்டு அவர் தள்ளி வருவது கேட்டது. "ஏழுமலை அண்ணன்தான். அஞ்சும் அவருதான்."

"ஏன் அவரு?"

"நாங்க நாலு பேரும் அப்பதான் போய்ட்டு வந்தோம். அண்ணனுக்கு எப்பவும் ஸ்டாக் இருக்கும்ல? அரை மணிக்கு ஒரு தபா போவாரே. குடுங்கடா நானே ரொப்பித் தர்றேன்னாரு. ஒரே மூச்சுல அஞ்சும் ரொப்பிட்டு, இன்னும் இருக்குதா பாட்டிலுன்னு கேட்டாரு."

சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. அரை மணிக்கு ஒருமுறை போகிறவர் என்பதற்காகவே அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அப்படி அடிக்கடி போவதே இந்தச் சுரப்பியில் கோளாறு என்பதற்கு அடையாளமாக இருக்கலாம் என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சா?"

"வந்துச்சு. அஞ்சு பேரையும் வரச் சொன்னாங்க. அது எங்க நாலு பேருதும் இல்லன்னு எங்களுக்குத் தெரியுமே, நாங்க எதுக்குப் போறது?"

"அப்ப ஏழுமலை அண்ணன்?"

"அவருகிட்ட..." காதர் பாய் குரல் இறங்கிவிட்டது. "எப்படிடா சொல்றது? நாலு பேருக்கும் தெரியும், அது அவருதுன்னு. டெய்லி ஒண்ணா டீ குடிக்கறோம். தேவராஜ் சொல்லட்டும்னு நான் பாக்கறேன். நான் சொல்வேன்னு அவன் பாக்கறான். பேஜாரா இருக்குது ஜெயசீலா. நீ சொல்லேன். நீ தூரத்துல இருக்க."

ஆம்பூரில் தைரியசாலிகள் நான்கு பேர் இருந்தும், விஷயத்தைச் சொல்வதற்கு உலகத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

7

முதலில் ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டும். அவளுடைய பெரிய கண்டுபிடிப்பு ஏழுமலை அண்ணன் ஒருவரின் மூத்திரப்பை என்று எப்படிச் சொல்வது? நின்றுகொண்டே சொன்னேன். அட்டை பஞ்ச் பண்ணுகிற கதையிலிருந்து ஆரம்பித்து, டீத் தட்டு வரைக்கும்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால், அவள் மேசையில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒரே சரக்குங்க! அஞ்சு பேருன்னு நினைச்சு, யாருக்கும் தெரியாம, அஞ்சு தடவை டெஸ்ட் பண்ணியிருக்காங்க. அஞ்சு தடவையும் அதே பதில்! போன மாசம்தான் ஒருத்தர் கேட்டாரு, உங்க டெஸ்ட்டு ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சொல்லுமான்னு. சொல்லுதே! ஆனா வெளிய சொல்லவே முடியாது. இதை நாங்களே திட்டம் போட்டுப் பண்ணியிருந்தா இன்னும் நாற்பது பக்கம் பாரம்!"

ரூத் மாடியிலிருந்து இறங்கி வந்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"இல்ல கண்ணு," ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு போய்விட்டது. "சாகாம பாத்துக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவருக்கு இன்னும் தெரியாதா? உடனே வேலூர் டாக்டருக்குச் சொல்றேன். நீங்க போன் பண்ணி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. வியாதி பேரை மட்டும் சொல்லாதீங்க. நாம பண்றது ஆராய்ச்சி டெஸ்ட்டு, முடிவு இல்ல. அதை டாக்டர்தான் சொல்லணும்."

திங்கட்கிழமை கமிட்டியின் முன்னால் அவள் கண்டுபிடிப்பைச் சொல்லவில்லை, தவறைச் சொன்னாள். "நடைமுறை விலகல் அறிக்கை" என்று ஒரு படிவம். அதில் காரணம் எழுத இரண்டு வரி இடம். டிரம்மை விட்டு வர முடியாது என்பதை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள்.

8

அதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழுமலை அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். லுங்கியும் பனியனுமாக, வாயில் பல்குச்சியோடு அவர் திரையில் வந்தார். அங்கே மத்தியானம், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்திருக்கும்.

"இன்னாடா சீலா, மூஞ்சி ஏன் இப்படிக் கீது? அங்க வெயிலே அடிக்கலயா?"

"அண்ணே, ஒரு தபா வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துருங்க."

"எதுக்கு?"

"சும்மாண்ணே."

"சும்மா போறதுக்கு அது இன்னா பள்ளிகொண்டா கோயிலா?"

தாளைப் பார்த்தேன். எழுதியிருந்த எதற்கும் அவர் சொன்னது பொருந்தவில்லை.

"அன்னிக்குக் குடுத்தீங்களேண்ணே, பாட்டிலு... அதுல..."

அவர் பல்குச்சியைக் கையில் எடுத்தார். என் முகத்தையே பார்த்தார். நான் எதையும் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எதிக்ஸ் கமிட்டி முன்னால் சத்தியம் செய்வேன். ஆனால் என் முகம் பதினான்கு பக்கத்தில் எங்கும் கையெழுத்துப் போடவில்லை.

"எத்தினி பாட்டில்லடா தெரிஞ்சுது?"

"அஞ்சுலயும்ணே."

அவர் வீட்டு மிக்சி ஓடி நிற்கிற சத்தம் கேட்டது.

"அவனுங்க நாலு பேருக்கும் ஒண்ணும் இல்லல்ல?"

"அவங்க கொடுக்கவே இல்லையேண்ணே."

"அதான் கேக்கறேன். அவனுங்களையும் ஒழுங்கா ரொப்பிக் குடுக்கச் சொல்லு. நாளைக்கு நாலு பேரையும் இட்டுக்கினு போறேன். தனியா போனா எனக்குப் பயமா இருக்கும்." பிறகு லேசாகச் சிரித்தார். "நீயும் இன்னிக்கு ஒரு பாட்டில் குடுத்துரு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயமா இருக்குது."

மறுநாள் ஐந்து பேரும் ஒரே பஸ்ஸில் வேலூர் போனார்கள். மேனேஜரிடம் லீவு கேட்டவர் காதர் பாய், ஐந்து பேருக்கும் சேர்த்து. நால்வருக்கும் ஒன்றுமில்லை. அண்ணனுக்கு ஊசி விட்டுப் பார்த்தார்கள். இருந்தது. ஆனால் ஆரம்பம். நெல்லிக்காயைவிட்டு வெளியே போகவில்லை என்று டாக்டர் சொன்னதாக ஸ்டெல்லா சொன்னபோது, நான் கடையில் ஒரு அம்மாவின் ஹீலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு ஆணி கூடுதலாக அடித்துவிட்டேன். அந்த ஹீல் இந்த ஜென்மத்தில் கழலாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நால்வரும் முறை போட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தார்கள். இந்த முறை யாரும் யாருக்கும் பதிலாக உட்காரவில்லை, அவரவர் முறைக்கு அவரவரே வந்தார்கள் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். நானும் ஒரு பாட்டில் கொடுத்தேன். ஒன்றுமில்லை. அதைப் பற்றி இரண்டு நாள் கவலைப்பட்டேன்.

9

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவிலிருந்து கடிதம். பாட்டில் கொடுத்தவர்களுக்கு அரை ஷிப்ட் கூலி நஷ்டம் என்று ஆளுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்திருந்தோம். நான்கு பேர் கொடுக்கவே இல்லை என்று நாங்களே எழுதிவிட்டதால் அந்த ஆயிரத்து இருநூறு ரூபாயைத் திரும்ப வசூலிக்க வேண்டுமாம். என் பையிலிருந்து போட்டுவிடுகிறேன் என்றேன். ஏற்க மாட்டார்களாம். நால்வரிடமிருந்தும் தனித்தனியாக, ரசீதோடு வர வேண்டுமாம். அதை இங்கே அனுப்புவதற்கு பேங்க் கேட்ட கட்டணம் அந்தப் பணத்தைவிட ஜாஸ்தி.

விஷயத்தைக் காதர் பாயிடம் சொன்னேன். அவர் நால்வரிடமும் வசூல் பண்ணி, கைக்குட்டையில் முடிந்து, ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போய் எனக்கு வீடியோ கால் போட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாக அண்ணனைப் பார்க்கிறேன். இளைத்திருந்தார். சட்டைக்குள் தோள் தனியாகத் தெரிந்தது. ஆனால் காதர் பாய் கையிலிருந்த முடிச்சைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாடா பணம் அது?"

சொன்னோம்.

"அஞ்சு பாட்டிலும் ரொப்புனது யாரு?"

"நீங்கதாண்ணே."

"அஞ்சுலயும் சரியா தெரிஞ்சுது தான? உன் பொண்டாட்டி டெஸ்ட்டு கரெக்டுன்னு தெரிஞ்சுக்கினது எதுனால? என் சரக்குனால. வேலை செஞ்சவன் நான். எனக்குக் குடுத்தது ஒரு கூலி. மத்த நாலு கூலியை அந்த வெள்ளைக்காரன் எதுக்குத் திருப்பிக் கேக்கறான்? நியாயமா அவன்தான் எனக்குத் தரணும். டாக்டரம்மாகிட்ட கேளு, நான் சொல்றது சரியா தப்பான்னு."

ஸ்டெல்லா என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அவர் சொல்றதுதாங்க சரி" என்றாள். கைக்குட்டையை அண்ணனிடமே கொடுக்கச் சொன்னாள். அவர் வாங்க மறுத்துவிட்டார். தோஸ்துங்க காசு எனக்கு வேணாம், வேலை வாங்கினவன் காசுதான் வேணும் என்று முடிச்சைக் காதர் பாய் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டார்.

அதையெல்லாம் அப்படியே ஸ்டெல்லா நிதிப் பிரிவுக்கு எழுதினாள். படிவத்தில் "வர வேண்டிய தொகை" என்ற கட்டத்தை அடித்துவிட்டு, அவள் கையாலேயே பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டாள்: திரு. ஏழுமலைக்குப் பல்கலைக்கழகம் இன்னும் தர வேண்டியது, ஆயிரத்து இருநூறு ரூபாய்.